பெங்களூரு ஏன் இரவில் காணாமல் போகிறது? ஹாம் வானொலிக்குப் புதியவர்களுக்கு அலை போகும் வழி

திருச்சியில் ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக வானொலியில் பேச அரசு தரும் அனுமதி) வாங்கி மூன்று மாதமே ஆன தம்பி ஒருவர் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். மொட்டைமாடியில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு டைபோல் என்னும் ஆன்டெனாக் கம்பி ஒன்று கட்டி, கைமாறி வந்த பழைய செட் ஒன்றில் பேசிக்கொண்டிருக்கிறார். காலை எட்டு மணிக்குப் பெங்களூரு நண்பர் அடுத்த அறையில் இருப்பவர் மாதிரிக் கேட்கிறார். உச்சி வெயிலில் அதே குரல் மங்கிவிடுகிறது. இரவு பதினொன்றுக்கு நண்பர் சுத்தமாக இல்லை. அதே இடத்தில் இந்தோனேசியாக்காரர்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“அண்ணா, செட்ல ஏதாவது கோளாறா? இல்ல, இன்னும் கொஞ்சம் வாட் அதிகமா இருக்கிற செட் வாங்கணுமா?”

செட்டிலும் கோளாறு இல்லை, கம்பியிலும் இல்லை. பதினொரு மணிக்குள் அவர் தலைக்கு மேலே உள்ள வானம் மாறிவிட்டது. எந்த நேரத்தில் எந்த அதிர்வெண் எவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தப் பொழுதுபோக்கின் பாதிக் கலை. வாட் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான். அன்று அவரிடம் இரண்டு மணி நேரம் பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அளவு. வானொலி அலை ஒரு விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போகும். 300 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வந்துவிடும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு 43 மீட்டர் வருகிறது. அதைத்தான் நாம் 40 மீட்டர் பேண்ட் என்கிறோம். 14-க்கு 20 மீட்டர் சொச்சம். கையில் வைத்துப் பேசும் வாக்கிடாக்கி வகை செட்டுகளின் 144 மெகாஹெர்ட்ஸ் 2 மீட்டர் பேண்ட்.

இந்த 2 மீட்டர் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். ‘ஏறக்குறைய’ என்பதற்குக் காரணம் உண்டு. தரையருகே காற்று அடர்த்தியாகவும் மேலே போகப் போக மெலிந்தும் இருப்பதால் அலை பூமியின் பக்கம் சற்றே வளைகிறது. கண்ணுக்குத் தெரியும் தொடுவானத்தைத் தாண்டிக் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். சமதரையில் நின்று கையில் பிடித்துப் பேசுபவருக்கு 5 கிலோமீட்டர். பத்து மீட்டர் உயர மாடிக்கு 13. ஏற்காடு போல 1,500 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கோ 160 கிலோமீட்டர். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரை மலைமேல் வைக்கக் காரணம் இந்த வர்க்கமூலம்தான். பத்து வாட்டை நூறாக்குவதைவிட ஆன்டெனாவை உயர்த்துவது எவ்வளவோ மேல்.

கடற்கரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. கடல்மேல் ஈரமான, குளிர்ந்த காற்று படிந்திருக்கும்போது நிலத்திலிருந்து சூடான, வறண்ட காற்று அதன்மேல் போர்வை போலப் பரவும். அப்போது இரண்டுக்கும் நடுவே அலை ஒரு குழாய்க்குள் போவது போல மாட்டிக்கொண்டு, தொடுவானத்தை மறந்து ஓடும். கோடியக்கரை, நாகைப் பக்கம் இலங்கையின் எஃப்.எம். நிலையங்கள் சில இரவுகளில் உள்ளூர் நிலையத்தையே அமுக்கிக்கொண்டு கேட்பது இதனால்தான். 1957-ல் கலிபோர்னியாவிலிருந்த ஒரு ஹாமும் ஹவாய்த் தீவிலிருந்த ஒரு ஹாமும் இதே வழியில் 144 மெகாஹெர்ட்ஸில் சுமார் 4,000 கிலோமீட்டர் தாண்டிப் பேசினார்கள். கடற்கரையில் இருப்பவர்கள் காற்று அசையாத புழுக்கமான இரவுகளில் 2 மீட்டரைத் திறந்து வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, பெங்களூருவுக்கு வருவோம்.

திருச்சிக்கும் பெங்களூருவுக்கும் இடையே காகம் பறக்கும் வழியில் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 7 மெகாஹெர்ட்ஸ் அலை தரையைத் தடவிக்கொண்டு சில பத்து கிலோமீட்டர் போகும். அதற்குள் மண் அதைத் தின்றுவிடும். அப்படியானால் காலையில் கேட்ட குரல் மேலே போய் இறங்கி வந்திருக்கிறது.

சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் காற்றைத் தாக்கி, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்துவிடுகின்றன. சுமார் 60 கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை இப்படி உதிர்ந்த எலக்ட்ரான்கள் நிறைந்த பகுதிக்குத்தான் அயனி மண்டலம் என்று பெயர். கண்ணாடிபோல ஒரு பரப்பு அங்கே இருப்பதாகப் படங்களில் போடுகிறார்கள். உண்மையில் அப்படி எதுவும் இல்லை. சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் தூரத்தே தண்ணீர் தேங்கியிருப்பது போலத் தெரியும் அல்லவா? அங்கே தண்ணீரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. சூடான காற்றின் வழியே வானத்தின் ஒளி கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அந்தக் கானல் நீரைத் தலைகீழாக வானத்தில் வைத்துப் பாருங்கள். எலக்ட்ரான் அடர்த்தி படிப்படியாகக் கூடும் இடத்தில் வானொலி அலையும் அதே மாதிரி வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது.

இதை மனிதர்கள் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1901 டிசம்பர் 12-ஆம் தேதி, இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய மோர்ஸ் எழுத்தைக் இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பட்டத்தில் கட்டிய கம்பியால் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். நடுவே அட்லாண்டிக் கடல், பூமியின் வளைவு. நேர்கோட்டில் போகும் அலை எப்படி வரும்? மறு ஆண்டே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் தனித்தனியாக, மேலே மின்சாரம் பாயும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். 1924-ல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் நிரூபித்தார்; 1947-ல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். நம் நாட்டில் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ராவின் குழு 1930-களிலேயே இந்த அடுக்குகளை அளந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் நம் ஆட்களின் பங்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1912-ல் வந்த சட்டம், அமெச்சூர்கள், அதாவது ஹாம்கள், 200 மீட்டரும் அதற்குக் குறைந்த அலைநீளமும் மட்டும் பயன்படுத்தலாம் என்றது. நீண்ட அலைதான் தொலைதூரம் போகும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. குட்டை அலைகளால் பயன் இல்லை என்று எண்ணித்தான் கொடுத்தார்கள். அந்தப் பயனற்ற இடத்தில் இருந்துகொண்டு, 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாய் என்ற அமெச்சூர், அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருந்த ஃப்ரெட் ஷ்னெல்லுடன் சுமார் 100 மீட்டரில் பேசிவிட்டார். அட்லாண்டிக்கின் இரு கரை அமெச்சூர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகுதான் உலகம் சிற்றலைப் பக்கம் திரும்பியது. ஒவ்வொரு முறை 40 மீட்டரில் சி.க்யூ. (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கொடுக்கும்போதும் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அயனி மண்டலத்தில் நமக்கு முக்கியமானவை இரண்டு அடுக்குகள். ஒன்று கெடுப்பது, இன்னொன்று கொடுப்பது.

கெடுப்பது டி அடுக்கு. 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் மட்டும் இருக்கும். அங்கே காற்று இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருப்பதால், அலை ஆட்டிவிடும் எலக்ட்ரான்கள் பக்கத்து மூலக்கூறுகளில் போய் மோதி, வாங்கிய ஆற்றலை வெப்பமாக இறைத்துவிடுகின்றன. அலை திரும்பி வராது, அங்கேயே கரைந்துவிடும். அதிர்வெண் குறையக் குறைய இந்த இழப்பு வேகமாகக் கூடும். பாதி அதிர்வெண்ணுக்கு டெசிபல் கணக்கில் ஏறக்குறைய நான்கு மடங்கு இழப்பு. அதனால்தான் 3.5 மெகாஹெர்ட்ஸ் நண்பகலில் செத்துக் கிடக்கிறது, 7 மங்குகிறது, 14-க்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு விரைவில் கலைந்துவிடும். மத்திய அலையில் பகலெல்லாம் கேட்காத தூரத்து நிலையங்கள் இரவானதும் வரிசையாக வருவது இதனால்தான்.

கொடுப்பது எஃப் அடுக்கு. அதிலும் எஃப்2 எனப்படும் மேல் பகுதி, சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில். அங்கே காற்று மிக மிக மெலிது. உதிர்ந்த எலக்ட்ரான் மீண்டும் ஒரு அயனியைத் தேடிப் பிடிக்க நீண்ட நேரம் ஆகும் என்பதால் சூரியன் போன பிறகும் இரவெல்லாம் இது இருக்கும். ஆனால் மெலிந்துகொண்டே போகும். தம்பியின் பெங்களூருவைத் தின்றது இந்த மெலிவுதான்.

குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்து தத்தவிட்டு விளையாடியவர்களுக்கு இது எளிதில் புரியும். செங்குத்தாகப் போட்டால் சில்லு மூழ்கிவிடும். நீரோடு நீராகச் சாய்த்து எறிந்தால் தத்திக்கொண்டே போகும். அலைக்கும் அதே கதை. செங்குத்தாக மேலே அனுப்பினால் திரும்பி வரும் உச்ச அதிர்வெண்ணுக்கு மாறுநிலை அதிர்வெண் என்று பெயர். அதைத் தாண்டிய அலை செங்குத்தாகப் போனால் எஃப் அடுக்கைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். சாய்வாகப் போனால் மட்டும் வளைந்து திரும்பும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். காலை எட்டு, ஒன்பது மணிக்கு மாறுநிலை அதிர்வெண் 8 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 7 மெகாஹெர்ட்ஸ் அலை எந்தக் கோணத்தில் போனாலும் இறங்கி வரும். மொட்டைமாடிக் கம்பி தாழ்வாக இருப்பதால் பெரும்பகுதி நேர் மேலேதான் போகிறது. அது தென்னிந்தியா முழுக்க மழை போல விழுகிறது. பெங்களூரு கிடைக்கிறது. இரவு மாறுநிலை அதிர்வெண் 4-க்கு இறங்கிவிட்டால்? 7-ஐ 4-ஆல் வகுத்தால் 1.75. அந்த அளவு சாய்ந்து போகும் கதிர் மட்டுமே திரும்பும். 300 கிலோமீட்டர் உயரத்துக்கு வடிவியல் போட்டால், அது தரையிறங்கும் மிகக் கிட்டிய இடம் சுமார் 850 கிலோமீட்டர் தள்ளி. அதற்கு உள்ளே இருப்பவர்களுக்கு நீங்கள் இல்லை, உங்களுக்கு அவர்கள் இல்லை. இந்த வளையத்துக்குத்தான் ஸ்கிப் பகுதி என்று பெயர். பெங்களூரு அதற்குள் விழுந்துவிட்டது. மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஜகார்த்தா அதற்கு வெளியே இருக்கிறது. டி அடுக்கும் கலைந்துவிட்டதால் தெளிவாகக் கேட்கிறது. இங்கே வாட்டை எவ்வளவு ஏற்றினாலும், துளைத்துக்கொண்டு போகும் அலை இன்னும் பலமாகத் துளைத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். பெங்களூரு வேண்டுமானால் 3.5-க்கு இறங்க வேண்டும்.

இதையே தலைகீழாகப் போட்டால் தொலைதூர வேட்டைக்கு வழி கிடைக்கும். மிகத் தாழ்வான கோணத்தில் போகும் அலைக்கு, மாறுநிலை அதிர்வெண்ணைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வரை வானம் திருப்பித் தரும். ஒரு வழிக்கு அந்த நேரத்தில் கிடைக்கும் இந்த உச்ச வரம்பைத்தான் ஹாம்கள் எம்.யூ.எஃப். என்கிறார்கள். அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் பேண்டைப் பிடிப்பதே நல்லது. இழப்பு அங்கேதான் மிகக் குறைவு. எஃப்2-இல் ஒரே தாவலில் அதிகபட்சம் 4,000 கிலோமீட்டர் போகலாம். அதற்கு மேல் தரையிலோ கடலிலோ பட்டு மறுபடி எழும்.

ஒரு தாவலின் மதிப்பு என்ன என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. பாரதி பிரசாத் என்ற ஹாம் அப்போது தன் குழுவோடு அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்தார். தொலைதூரத் தொடர்புகளுக்காக அங்கிருந்து ஒலிபரப்பச் சிறப்பு அனுமதி வாங்கிப் போயிருந்தார்கள். சுனாமி வந்து தொலைபேசி இணைப்புகள் அறுந்தபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்தச் செட்டுகள் தீவுகளிலிருந்து செய்தி அனுப்பும் வழியாக மாறின. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். 2 மீட்டர் போன்ற வி.எச்.எஃப். செட்டுக்கு அது எட்டாத தூரம். எஃப் அடுக்குக்கோ ஒரே தாவல். நடுவில் கோபுரம் வேண்டாம், கேபிள் வேண்டாம்.

விடியலையும் அந்தியையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தெருவில் இருட்டிய பிறகும் கோபுரக் கலசத்தில் வெயில் மின்னிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தி நேரத்தில் வானத்திலும் இதே நடக்கிறது. கீழே இருக்கும் டி அடுக்கில் இருட்டு. உயரே இருக்கும் எஃப் அடுக்கில் இன்னும் வெயில். கெடுப்பது போய்விட்டது, கொடுப்பது இருக்கிறது. பூமியின் இன்னொரு பக்கத்தில் அதே நேரம் விடிந்துகொண்டிருக்கும் ஊருக்கும் இதே நிலைதான். இரண்டையும் இணைக்கும் மங்கல் கோட்டின் வழியே 40 மீட்டரில் சில நிமிடங்களுக்கு நம்ப முடியாத தொடர்புகள் கிடைக்கும். நான் அந்தி நேரத்தில் செட்டை விட்டு எழுந்திருப்பதில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு குணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு திருநெல்வேலி, தும்பா பக்கமாகப் போகிறது. 1963-ல் முதல் ராக்கெட் ஏவ தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இதுதான். இந்தக் கோட்டின்மேல் சூரியன் மறைந்த பிறகு எஃப் அடுக்கு சில நாட்களில் நொதித்த மாவு மாதிரி குமிழ் குமிழாக உடையும். அப்போது வரும் குரல் படபடவென்று நடுங்கும். பழைய இலங்கை வானொலியைச் சிற்றலையில் கேட்டவர்களுக்குப் பாட்டு அலையலையாக ஏறி இறங்கியது நினைவிருக்கும், அது வேறு. ஒரே ஒலி இரண்டு வழியாக வந்து, சில நொடி சேர்ந்தும் சில நொடி ஒன்றையொன்று அழித்தும் கேட்பது அந்த மெதுவான ஏற்ற இறக்கம். இந்த நடுக்கம் அதைவிட மிக வேகமானது. இதையும் செட் கோளாறு என்று நினைத்து மூடியைக் கழற்ற வேண்டாம்.

இத்தனைக்கும் அடுப்பு சூரியன் என்பதால் அதன் மனநிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். 1899-ல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கு மேலாக இந்தப் புள்ளிகளைப் படம் பிடித்து வருகிறது. புள்ளி கூடினால் புற ஊதாக் கதிர் கூடும், எஃப் அடுக்கு தடிக்கும், எம்.யூ.எஃப். ஏறும், 28 மெகாஹெர்ட்ஸில் சின்னச் செட்டோடு ஐரோப்பா பேசலாம். புள்ளி இல்லாத ஆண்டுகளில் அந்தப் பேண்ட் பல நாள் வெறிச்சோடிக் கிடக்கும். இப்போதைய சுழற்சி 2019 கடைசியில் தொடங்கி 2024 வாக்கில் உச்சத்தைத் தொட்டது.

தினசரி பார்க்க இரண்டு எண்கள் போதும். ஒன்று சோலார் ஃப்ளக்ஸ், அதாவது சூரியனிலிருந்து வரும் வானொலி அலையின் அளவு: எழுபதுக்குப் பக்கத்தில் இருந்தால் சூரியன் தூங்குகிறது, நூற்றைம்பதைத் தாண்டினால் மேல் பேண்டுகளுக்குக் கொண்டாட்டம். மற்றது கே எண், பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதைச் சொல்வது: 0 முதல் 9 வரை போகும், குறைவாக இருப்பதே நல்லது. 5-ஐத் தொட்டால் காந்தப் புயல். 2024 மே 10-ஆம் தேதி இரவு அது உச்சத்துக்குப் போனபோது லடாக்கின் ஹான்லேயிலேயே வானம் சிவந்தது. சிற்றலைப் பேண்டுகள் பல இடங்களில் படுத்துவிட்டன. புயல் சூரியனிலிருந்து கிளம்பி வர ஒன்றிரண்டு நாள் ஆகும். ஆனால் சூரியத் தீப்பிழம்பின் எக்ஸ் கதிர் எட்டே நிமிடத்தில் வந்து, பகல் பக்கத்து டி அடுக்கை ஊதிப் பெருக்கிவிடும். பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லா நிலையமும் ஒன்றாக அணைந்தால் அது இதுவாக இருக்கலாம். ஒரு மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். மேல் பேண்டுகள்தான் முதலில் திரும்பி வரும்.

தம்பிக்கு நான் கடைசியாகக் காட்டியது 14.100 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுக்கப் பரவிய 18 கலங்கரை நிலையங்கள் அந்த ஒரே இடத்தில் முறை வைத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி. மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. மோர்ஸில் தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு விநாடி நீளத்தில் நான்கு கோடுகள் இழுக்கும்: முதல் கோடு 100 வாட், அடுத்து 10, அப்புறம் 1, கடைசியில் 0.1 வாட். கொழும்பில் ஒன்று இருக்கிறது, 4எஸ்7பி. திருச்சிக்கு அதுதான் மிகப் பக்கம், 450 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்கு 14 மெகாஹெர்ட்ஸ் திரும்பி வர, மாறுநிலை அதிர்வெண் 11-ஐத் தாண்டியாக வேண்டும்.

அன்று நன்றாக இருட்டிய பிறகு உட்கார்ந்தோம். கொழும்பின் முறை வந்தது. பத்து விநாடியும் வெறும் இரைச்சல். அடுத்த முறை தென்னாப்பிரிக்காவுக்கு. மெல்லிய விசில் போல இசட், எஸ், 6 என்று எழுத்துகள் வந்தன. முதல் கோடு, இரண்டாவது கோடு, இரைச்சலுக்குள் பாதி புதைந்த மூன்றாவது. ஒரு வாட், கிட்டத்தட்ட ஏழாயிரம் கிலோமீட்டர். தம்பி ஹெட்ஃபோனைக் கழற்றாமலே நோட்டை இழுத்துப் போட்டு, மணியையும் அதிர்வெண்ணையும் எழுதினார். பக்கத்தில் ‘கொழும்பு இல்லை’ என்றும் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டார்.